கொல்ப் மைதானத்தில் வேலை செய்யும் பிள்ளைகளின் மேற்படிப்புக்குத் துணைநிற்பது எப்படி? – நுவரெலியாவிலிருந்து ஒரு வினா

இராகலை ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இராகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக உயர்தர வகுப்புகளுக்குக் கணக்கீடு கற்பித்து வருகிறேன். ஒரு காரியத்தில் இறங்குமுன் அனுபவமுள்ளவர்களின் யோசனையைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

கடந்த ஏப்ரல் சீசனில், கொழும்பிலிருந்து வந்த உறவினர்களுடன் நுவரெலியா நகரில் நடந்துகொண்டிருந்தபோது, கொல்ப் மைதானத்தின் ஓரமாக என் பழைய மாணவன் ஒருவன் பெரிய பை ஒன்றைத் தோளில் சுமந்தபடி ஒரு வெளிநாட்டுக்காரருடன் போவதைக் கண்டேன். வணிகப் பிரிவில் மூன்று பாடங்களிலும் நல்ல பெறுபேறு பெற்றவன் அவன்; பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கப்படும் அவனுடைய இசட் புள்ளியைக் கொண்டு, முகாமைத்துவ பீடம் ஒன்று கட்டாயம் கிடைக்கும் என்று பாடசாலையில் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். ஆட்டம் முடிந்து அவன் வெளியே வரும்வரை காத்திருந்து விசாரித்தேன். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்றான். "நான் போனா வீட்டுக்கு யார் சேர்?" என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்த மைதானத்தை எல்லோரும் அறிவீர்கள். 1889 இல் தொடங்கிய நுவரெலியா கொல்ப் கழகத்தின் 18 குழி மைதானம் நகரின் நடுவிலேயே கிடக்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் நகரத்து வீடுகளிலிருந்தும் இளைஞர்கள் அங்கே கெடி வேலைக்கு, அதாவது ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்து நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாயாகவும் 2024 இல் 1350 ரூபாயாகவும் உயர்ந்தது உண்மைதான். ஆனாலும் பெயர் விழுகிற, அதாவது வேலை செய்ததாகப் பதிவாகிற நாட்களுக்கு மட்டுமே அது கைக்கு வரும் என்பதால், சீசனில் பிள்ளை கொண்டுவரும் பணத்தை எந்தத் தாயும் வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது.

நானும் என்னுடன் படித்த நண்பர்கள் நால்வரும் மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி, இவ்வாறு கெடி வேலை செய்யும் பிள்ளைகளுக்கென்று சிறிய புலமைப்பரிசில் ஒன்றைத் தொடங்க எண்ணியிருக்கிறோம். யாரைத் தெரிவு செய்வது, எந்தக் கட்டத்தில் கொடுப்பது, பணத்தைத் தவிர எங்களால் வேறு என்ன செய்ய முடியும் என்பவைதான் எங்கள் கேள்விகள். வேறு நாடுகளில் இதற்கு முன்மாதிரி உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தலவாக்கலை – சிகாகோ எழுதியது:

ஆசிரியருக்கு வணக்கம். முன்மாதிரி உண்டு, அதுவும் நான் இப்போது வசிக்கும் ஊரிலேயே பிறந்தது. சார்ல்ஸ் எவன்ஸ் என்பவர் எட்டு வயதில் சிகாகோவில் கெடியாக வேலையைத் தொடங்கி, பின்னர் 1916 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியையும் அமெரிக்க அமெச்சூர் போட்டியையும் ஒருசேர வென்றவர். விளையாட்டினால் வந்த பணத்தைத் தாமே எடுத்துக்கொண்டால் பணத்துக்காக விளையாடாதவர், அதாவது அமெச்சூர் என்ற தகுதியை இழக்க நேரிடும் என்பதால், அதைத் தகுதியுள்ள கெடிகளின் படிப்புக்கு ஒதுக்கும்படி அவருடைய தாயார் யோசனை சொன்னார். தம் பல்கலைக்கழகப் படிப்பை முடிக்க முடியாமல் இடையில் விட்டவர் எவன்ஸ். அவர் விட்டுவந்த அதே நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்குத்தான் 1930 இல் முதல் இரண்டு கெடிகள் அந்த நிதியில் படிக்கப் போனார்கள். இன்றைக்கு அந்தப் புலமைப்பரிசிலில் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கை 12000 ஐத் தாண்டிவிட்டது. படிப்புக் கட்டணத்துடன் தங்குமிடமும் அதில் அடங்கும்.

மசசூசெட்ஸ் மாநிலத்தில் இன்னொரு நிதியம் இருக்கிறது. தானும் ஒரு காலத்தில் கெடியாக இருந்த பிரான்சிஸ் விமெட், 1913 இல் தம் இருபதாவது வயதில், பத்து வயதுச் சிறுவன் ஒருவனைக் கெடியாக வைத்துக்கொண்டு அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்றார். அவர் பெயரால் 1949 இல் தொடங்கப்பட்ட அந்த நிதியம் கெடிகளோடு நிறுத்திக்கொள்ளாமல், புல்வெளிப் பராமரிப்பிலும் மைதானக் கடையிலும் வேலை செய்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறது. உங்கள் திட்டத்திலும் இதற்கு இடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பை தூக்குகிற பிள்ளைக்கும் புல் வெட்டுகிற பிள்ளைக்கும் வீட்டு நிலைமை ஒன்றுதானே.

எவன்ஸ் புலமைப்பரிசிலுக்கு கெடி வேலையில் நற்பெயர், படிப்பு, வீட்டின் பணத்தேவை, நடத்தை என்ற நான்கையும் பார்க்கிறார்கள். சில ஆண்டுகளாக விண்ணப்பக் கட்டுரை எழுதும் மாணவர்களுடன் உட்கார்ந்து உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: பெரும் செல்வர் ஒருவரை நம்பி அந்த நிதி நிலைத்து நிற்கவில்லை, ஆண்டுதோறும் தவறாமல் சிறு தொகை கொடுக்கும் ஆயிரக்கணக்கான கொல்ப் ஆட்டக்காரர்களால்தான் நிற்கிறது. நுவரெலியாவுக்கு ஒவ்வோர் ஆண்டும் வந்து விளையாடிவிட்டுப் போகிறவர்களில் பத்துப் பேரையாவது இப்படிக் கட்டிப்போட முடிந்தால், உங்கள் ஐவரின் பணத்தைவிட அது நீண்டகாலம் தாங்கும்.

ஓய்வுபெற்ற அதிபர், ஹட்டன் எழுதியது:

தம்பி, உங்கள் நோக்கத்தை மனமார வாழ்த்துகிறேன். இருந்தாலும், மேலே சொல்லப்பட்ட முன்மாதிரியை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் பள்ளி விடுமுறைக்கு கெடி வேலைக்குப் போகிற பிள்ளை விடுமுறை முடிந்ததும் வகுப்புக்குத் திரும்பிவிடுகிறது. நம்முடைய தோட்டங்களிலோ, ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போய்க் கையில் பணத்தைப் பார்த்த பிள்ளை, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையும் போகிறது. பிறகு வியாழக்கிழமையும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பும் நேரத்தில் தேடிப் போனால், பிள்ளை கொழும்பில் ஏதோ ஒரு கடையில் நிற்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலான என் பணிக்காலத்தில் எத்தனை பேரை இப்படி இழந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. முகங்கள் மட்டும் மறக்கவில்லை. இலங்கையில் 16 வயது வரை கல்வி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 2021 ஆம் ஆண்டுத் திருத்தத்துடன் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. ஆகவே, "இரண்டு வருடம் கெடி வேலை செய்திருக்க வேண்டும்" என்று ஒரு நிபந்தனை போட்டீர்களானால், உயர்தரத்துக்கு முன்பே பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பப் பெற்றோருக்கு நீங்களே ஒரு காரணம் கொடுத்தவர்களாவீர்கள். நல்ல எண்ணத்துடன் செய்யும் ஒன்று நேரெதிரான பலனைத் தந்துவிடக் கூடாது.

என் யோசனை இது. உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த நாளுக்குப் பிறகு செய்த வேலையை மட்டுமே கணக்கில் எடுங்கள். அதற்கு முந்திய காலத்துக்கு, பாடசாலை வரவுப் பதிவேட்டையே நற்சான்றாகக் கேளுங்கள். இன்னும் சொல்லப்போனால், சாதாரண தரத்தில் படிக்கும்போதே மைதானத்துக்குப் போய்வரும் பிள்ளை யாராவது உங்கள் கண்ணில் பட்டால், புலமைப்பரிசில் பற்றிப் பேசுவதற்கு முன், அந்தப் பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அழைத்துவருவதுதான் உங்கள் ஐவருடைய முதல் தொண்டு.

கெடியின் தங்கை எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கும் அதிபர் ஐயாவுக்கும் வணக்கம். நான் கந்தப்பளையைச் சேர்ந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். என் அண்ணன் ஆறு ஆண்டுகள் கெடியாக இருந்தார். அவர் சுமந்த பைகளின் பணத்தில்தான் நான் படிக்கிறேன் என்பதால், இந்த விடயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலாவது, காசு எங்கே தேவைப்படுகிறது என்பதை நேரில் அனுபவித்தவளாகச் சொல்கிறேன். அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை என்பதால் எல்லோரும் "பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, இனிக் கவலை இல்லை" என்று நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் கவலை அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி வெளியாகி, விரிவுரை தொடங்கும்வரை ஒரு வருடத்துக்கும் மேலாக வீட்டில் இருந்தேன். அந்தக் காலத்தில்தான் என்னோடு படித்த மூன்று பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைக்கும் கடைக்கும் போனார்கள். அவர்களில் இருவர் அனுமதிக் கடிதம் வந்த பிறகும் திரும்பி வரவில்லை. மஹாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5000 ரூபாயிலிருந்து 7500 ரூபாயாக உயர்த்தப்பட்டிருப்பது பெரிய ஆறுதல். ஆனால், எந்த உதவித்தொகையாக இருந்தாலும், விண்ணப்பித்து, வருமானத்தைச் சரிபார்த்து, முதல் தவணை கைக்கு வரும்வரை பிள்ளை சாப்பிட வேண்டும், அறை வாடகை கொடுக்க வேண்டும், குளிருக்கும் மழைக்கும் பழகிய உடுப்புகளை விட்டு வேறு உடுப்பு வாங்க வேண்டும். முதல் நாள் போகும்போது வாளி, மெத்தை, பூட்டு என்று வாங்குவதற்கே அண்ணன் தன் கைத்தொலைபேசியை விற்றார். உங்கள் உதவி ஒரே ஒரு தடவைதான் கொடுக்க முடியும் என்றால், தயவுசெய்து அதை அந்த முதல் ஆறு மாதங்களில் கொடுங்கள்.

இரண்டாவது, கடிதம். லயன் அறைகளுக்குத் தனித்தனி முகவரி இல்லாததால் எங்கள் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. எனக்கு வந்த ஒரு முக்கியமான கடிதம் பதினேழு நாட்கள் மேசையில் கிடந்தது. பதிவுக்கான கடைசித் திகதிக்கு இரண்டு நாட்களே இருந்தபோது அண்ணன் மைதானத்திலிருந்து ஓடிவந்து, என்னை அழைத்துக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போனார். நுவரெலியா நகரில் நம்பகமான ஒரு முகவரியை நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்து, இணையத்தில் வரும் அறிவித்தல்களைப் பார்த்துச் சொல்ல ஒருவரை நியமித்தால், அதற்கு ஒரு சதமும் செலவாகாது.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். எங்கள் பக்கத்தில் கெடி வேலைக்குப் போகிறவர்கள் ஆண்பிள்ளைகள். புலமைப்பரிசில் "கெடிக்கு" என்று எழுதிவிட்டால், பெண்பிள்ளை ஒருத்திகூட அதைப் பெற மாட்டாள். அண்ணன் உயர்தரத்தில் சித்தியடைந்திருந்தும், நான் படிக்க வேண்டும் என்பதற்காகத் தன் விண்ணப்பத்தை அனுப்பாமல் விட்டவர். உங்கள் மாணவர் "வீட்டுக்கு யார்" என்று கேட்டதைப் படித்தபோது அவர் பேசுவதுபோலவே இருந்தது. ஆகவே பரிசிலை ஒரு ஆளுக்கென்று வைக்காமல், மைதானத்தில் உழைக்கும் ஒருவர் இருக்கிற வீட்டுக்கென்று வையுங்கள். அண்ணன் படிக்கப் போனால் அண்ணனுக்கு. அவர் வேலையில் நின்று தங்கையைப் படிக்க வைத்தால் தங்கைக்கு.

தலவாக்கலை – சிகாகோ எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். நீங்கள் சொல்லும் குறை இங்கேயும் இருந்ததால்தான், எவன்ஸ் புலமைப்பரிசிலை நடத்தும் சங்கம் 2012 இல் பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு கெடிப் பயிற்சி முகாமைத் தொடங்கி, கோடை விடுமுறையில் அவர்களுக்குத் தங்குமிடமும் வேலையும் கொடுத்து வருகிறது. ஆனால் நம் ஊருக்கு உங்கள் வழிதான் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. அதிபர் ஐயா வயதைப் பற்றிச் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை.

மழைநாள் கெடி எழுதியது:

நான் ஐந்து ஆண்டுகள் பை சுமந்தவன். நாவலப்பிட்டியில் உள்ள உயர் தொழினுட்ப நிறுவகத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா முடித்து, இப்போது ஒரு நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். பணத்தை எப்படி வைப்பது என்பதில் என் பங்குக்குச் சிலவற்றைச் சொல்லலாம்.

கெடியின் வருமானம் வானத்தைப் பார்த்தது. ஏப்ரலில் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று கிடைக்கும்; தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் காலையிலிருந்து கொட்டகையில் குந்திக்கொண்டிருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப வேண்டும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை விழா எடுத்துப் பெரிய காசோலையைக் கொடுப்பதைவிட, மாதம் ஒன்றாக, முக்கியமாக ஜூன் தொடக்கம் செப்டெம்பர் வரை தவறாமல், பிள்ளையின் பெயரிலுள்ள கணக்குக்குப் போடுங்கள். உங்கள் பக்கத்தில் மூவர் கையொப்பத்துடன் கூட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து, வரவு செலவை ஆண்டுதோறும் பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்புங்கள். சங்கமாகப் பதிவு செய்ய விரும்பினால் 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தொண்டர் சமூக சேவை அமைப்புகள் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள் என்பதும் என் வேண்டுகோள். நான் அப்படிப்பட்டவன். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரிக்கோ, டிப்ளோமாவுக்கோ போகிற பிள்ளைக்கும் கைச்செலவு உண்டு, பஸ் காசு உண்டு.

இன்னொன்று. நல்ல நோக்கத்தோடு, கெட்டிக்காரப் பிள்ளையை உயர்தரத்துக்குக் கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பிப் படிப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கலைப் பிரிவு நீங்கலாகப் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்றே அனுமதி வழங்கப்படுகிறது. நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. மாவட்டம் தீர்மானிக்கப்படுவதோ பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலையைக் கொண்டு. பாடசாலையை மாற்றினால் அந்த உரிமையையே பிள்ளை இழக்கக்கூடும். ஆசிரியை அல்லது ஆசிரியர் ஒருவரை நுவரெலியாவுக்கு வரவழைத்து வார இறுதியில் வகுப்பு நடத்த முடிந்தால் அதுவே மேல்.

கொட்டகையில் என்னோடு குந்தியிருந்தவர்களில் பாதிப்பேர் சிங்களப் பிள்ளைகள். மழை எல்லோருக்கும்தான் பெய்தது. விண்ணப்பப் படிவத்தை இரண்டு மொழியிலும் அச்சிடுங்கள்.

இராகலை ஆசிரியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நாங்கள் ஐவரும் இருந்து, நீங்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாக வாசித்துப் பேசினோம். முதலில் நினைத்திருந்த திட்டத்தில் பாதி மாறிவிட்டது.

பரிசில் மைதானத்தில் உழைப்பவரின் வீட்டுக்கென்று இருக்கும். மகனோ மகளோ, தம்பியோ தங்கையோ, படிக்கப் போகிறவர் யாரோ அவருக்குப் போகும். வேலைக்கால நிபந்தனை எதுவும் வைப்பதில்லை. உயர்தரம் வரையிலான பாடசாலை வரவைக் கேட்போம். இந்த ஆண்டு எங்களால் இரண்டு வீடுகளை மட்டுமே ஏற்க முடியும்; பணம் விரிவுரை தொடங்கும் மாதத்திலிருந்து முதல் பத்து மாதங்களுக்குப் போகும். 2025 நவம்பரில் டித்வா புயலினால் உயர்தரப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டு, மண்சரிவில் வீடிழந்த பிள்ளைகள் மீதிப் பாடங்களை அடுத்த ஜனவரியில் வந்து எழுதியதை நாங்கள் பார்த்தோம். அந்த அணியிலிருந்தே முதலிருவரையும் தெரிவு செய்ய வேண்டும் என்பதில் ஐவருக்கும் ஒரே மனம். வாரத்தில் இரண்டு மாலைகள் படிவம் நிரப்பவும் அறிவித்தல் பார்க்கவும் நான் ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களுக்கு என் நண்பரின் கடை முகவரியைக் கொடுக்கலாம் என்று அவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

என் பழைய மாணவனையும் போய்ப் பார்த்தேன். அவனுக்கு இன்னும் ஒரு தடவை பரீட்சைக்குத் தோற்ற வாய்ப்பிருக்கிறது. அவனுடைய தாயாருடன் பேசியபோது, மழை மாதங்களில் வீட்டுச் செலவுக்கு வழி இருந்தால் அனுப்பத் தயார் என்றார். கணக்கீட்டை நான் பார்த்துக்கொள்வேன். பொருளியலுக்குச் சனிக்கிழமைகளில் நுவரெலியாவுக்கு வரக்கூடியவர் யாராவது இங்கே இருந்தால் அறியத் தாருங்கள். பஸ் செலவை நாங்கள் ஏற்போம். படிவத்தைச் சிங்களத்தில் எழுதித் தரவும் ஒருவர் வேண்டும்.